இசக்கியை நினைக்காதிருந்த ஞாயிற்றுக்கிழமை

தேரிவிளை மகளிர் கல்லூரி வாலிபால் பிள்ளைகளுக்குக் கால் கனக்கத் தொடங்கியது கார்த்திகை பிறந்த பிறகுதான். ஆடியிலிருந்து ஐப்பசிவரை போன ஊரிலெல்லாம் ஜெயித்துக்கொண்டு வந்தவர்கள், போட்டிகள் முடியப்போகிற நேரம் பார்த்து, ஒரு நாள் எதிராளியைப் புரட்டி எடுப்பதும் மறுநாள் சர்வீஸைக்கூட வலை தாண்டிப் போடத் தெரியாமல் வேரோடி நிற்பதுமாக ஆகிவிட, ஊர் தூக்கம் கெட்டுப்போய்க் காரணம் தேட ஆரம்பித்தது. கண்ணேறு என்றார்கள், விடுதிச் சாப்பாடு என்றார்கள், செல்போன் என்றார்கள், பனியனில் நம்பர் தைத்துக் கொடுத்தவள் நான் என்பதால் தையல் ராசியில்லை என்று என்னையும் சும்மா விடவில்லை. நான் ஒரு வாரம் கடையைப் பாதி கதவு சாத்தி வைத்துத்தான் தைத்தேன்.

இந்த ஆட்டத்தை நம்பி ஒரு பெண்ணின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. அணிக்குக் கேப்டன் பொன்இசக்கி, என் அடுத்த வீட்டுப் பெண், கடைசி வருஷம் படிக்கிறாள், வலையோரம் நின்று அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுடைய அப்பா சுயம்புலிங்கம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிறார், முந்திரி போட்டுச் செய்கிற மக்ரூன் இனிப்புக்குப் பேர்போன கடை. ஆவடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஒரு பையனின் வீட்டார் ஐப்பசியிலேயே வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையன் நல்ல பையன், ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் இசக்கிக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. இறுதிப் போட்டியைப் பார்க்க ரயில்வேகாரர்கள் வருவார்கள், ஜெயிக்கிற அணியிலிருந்து ஆள் எடுப்பார்கள் என்று பயிற்சி கொடுக்கிற மேபல் மிஸ் விசாரித்து வைத்திருந்ததால், சுயம்புலிங்கம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"கோப்பையோட வந்தியன்னா ரயில்வேக்குப் போ, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். வெறுங்கையோட வந்தா மாசியில முகூர்த்தம். நான் ஒரு வார்த்த, நீ ஒரு வார்த்த. அதுக்கு மேல பேச்சு கிடையாது."

இசக்கி சரி என்றாள். அப்போது அவளுக்குக் கால் கனக்கவில்லை, அதனால் தைரியமாகச் சொல்லிவிட்டாள்.

தோல்வி கூடக் கூட ஊர் தன்னால் முடிந்ததைச் செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கோவில்பட்டியில் ஆடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அம்மன் கோவிலில் ஆறு பேர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை நடந்தது, மாதா கோவிலில் ஆறு பேருக்கும் சேர்த்துத் தனிப்பூசை நடந்தது, வீட்டில் இருந்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்துக்கொருமுறை "நம்ம பிள்ளைகள் நினைவாகவே இருக்கிறோம்" என்று எழுதிப் போட்டார்கள். அங்கே கோவில்பட்டியில் ஆறு பேரும் தரையிலிருந்து உள்ளங்காலைப் பிரிக்க முடியாமல் நின்றார்கள். பந்து அவர்களைச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது. பந்து தூக்கிக் கொடுக்கிற லிஃப்ட்டர் ஜெனோவா குனிந்து தன் ஷூவைத் தன் கையாலேயே தூக்கி நகர்த்திவைத்ததை நடுவர் விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, தப்பில்லை என்று விட்டுவிட்டாராம்.

அதற்கடுத்த ஆட்டத்தன்று தேரிவிளையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மொத்த ஊரும் மின்வாரிய அலுவலக வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் மூன்று செட்டையும் வாரிக்கொண்டு வந்தார்கள். எழும்பினால் இடுப்பு வலைக்கு மேலே இருந்தது, எதிரணி வலையின் உயரத்தை அளந்து காட்டச் சொன்னது. மேபல் மிஸ் அதிகம் பேசாத பொம்பளை, ஆனால் இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்தவர். மறுநாளே பெற்றோர்களைக் கல்லூரிக்குக் கூப்பிட்டார்.

"யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. ஆட்டம் நடக்கிற நேரத்துல ஊர்ல யாராவது நினைச்சா பிள்ளைங்களுக்குக் கால் கனக்குது. நினைக்காத அன்னைக்குத்தான் எழும்புறாங்க."

ஜெனோவாவின் அப்பா மீன் வண்டி ஓட்டுகிறவர், அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "விக்கல் வருதுல்லா, புரையேறுதுல்லா, அது மாதிரிதான மிஸ்? இதுகளுக்குக் கால்ல வருது."

அத்தோடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நினைத்தால் தொண்டையில் ஏறுவது காலில் இறங்கக் கூடாதா என்ன. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை, எவ்வளவு நினைக்கலாம் என்றுதான் கேட்டார்கள். பெயரை மட்டும் நினைத்தால் கனக்குமா, முகத்தையும் சேர்த்து நினைத்தால்தான் கனக்குமா, திட்டிக்கொண்டே நினைத்தால் கணக்கில் வருமா என்று சாயங்காலம்வரை சந்தேகம் கேட்டுத் தீர்க்க, மேபல் மிஸ் கடைசியில் கும்பிட்டுவிட்டார். "எதையும் நினைக்காதீங்க. அவ்வளவுதான்."

சொல்வது எளிது. அதற்குப் பிறகு ஆட்டம் நடக்கிற மத்தியானங்களில் தேரிவிளையில் இருந்தது போன்ற நிலைகொள்ளாமை நான் எங்கேயும் கண்டதில்லை. உட்கார்ந்தால் நினைப்பு வருகிறது என்று எழுந்து நடந்தார்கள், நடந்தால் கல்லூரிப் பக்கம் கால் போகிறது என்று திரும்பி வந்தார்கள், டிவியைப் போட்டார்கள், டிவியில் எவளோ ஒருத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ, அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் நினைப்புத்தானே. பிள்ளைகள் ஒரு செட்டில் பறந்தார்கள், அடுத்த செட்டில் சாக்குமூட்டையாக விழுந்தார்கள், எந்த நிமிடம் எது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வழி தானாகத்தான் வந்தது. இரண்டாம் தெருச் சாக்கடைத் தண்ணீர் மூன்றாம் தெருவுக்குள் வந்ததென்று ஒரு சனிக்கிழமை இரண்டு தெருவும் நேருக்கு நேர் நின்று, தாத்தாக்கள் காலத்து விஷயம்வரை இழுத்துப் போட்டு, தொண்டை கட்டுகிறவரை சண்டை போட்டார்கள். அன்றைக்கு நாகர்கோவிலில் நம் பிள்ளைகள் எதிரணியை அழவைத்துவிட்டு வந்தார்கள். சண்டை போடுகிறவன் தன் பெயரையே மறந்துவிடுகிறான், பிள்ளைகள் பெயரா ஞாபகம் இருக்கும் என்று உரக்கடை ராசமணி கண்டுபிடித்துச் சொல்ல, அவர் தலைமையிலேயே ஒரு கமிட்டி போட்டார்கள். இனிமேல் ஊரில் யாரும் கண்ட நேரத்தில் சண்டை போட்டுத் தீர்த்துவிடக் கூடாது, எல்லாவற்றையும் ஆட்ட நேரத்துக்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்று முடிவானது. பால்காரர் தண்ணீர் ஊற்றினால் சிரித்துக்கொண்டே வாங்கிவைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் "ஞாயித்துக்கெழம வச்சுக்கிடுவோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். எனக்கும் என் ஓரகத்திக்கும் பொதுச்சுவர் விஷயம் ஒன்று இருந்தது, அதை நாங்கள் மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக்காசுபோலப் பத்திரமாக வைத்திருந்தோம். வாரநாட்களில் ஊரே உதட்டை மடித்துக்கொண்டு உடம்பெல்லாம் அரிக்கிற ஆள்மாதிரி அலைந்தது.

ஐந்து பெண்களுக்கு இது வேலை செய்தது. இசக்கிக்கு மட்டும் செய்யவில்லை, காரணம் அவளுடைய அம்மா வடிவு. அவளோடு யாராலும் சண்டை போட முடியாது. பிள்ளைக்காக நானே ஒருநாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போய், உன் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி என் வீட்டுத் துணியில் விழுகிறது, நீயெல்லாம் மனுஷியா என்று ஆரம்பித்தேன். அவள் பதறிப்போய், "வெட்டிருங்க மைனி, நானே அருவா எடுத்துத் தாரேன்" என்றாள். வெட்டுகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்று காபி வேறு கொடுத்தாள்.

அரையிறுதியில் ஜெனோவாவின் புண்ணியத்தில் தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள். இசக்கி எழும்பிய பாதியிலேயே பந்தை மேலே விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பையைக்கூட இறக்காமல் அடுக்களை வாசலில் வந்து நின்றபோது நான் அங்கேதான் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எம்மா, ரெண்டாவது செட்டு நேரம் நீ என்னத்த நினைச்ச?"

"ஒன்னும் நினைக்கலயே."

"பொய் சொல்லாத. வரிசையா பாயிண்ட் போச்சு."

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்குத் தயிர்ச்சோறு சேராதுல்லா. அங்க அதத்தான் பொட்டலம் கட்டிக் குடுத்திருப்பாங்களோன்னு... அவ்வளவுதாம்மா நினைச்சேன்."

"அவ்வளவுதானா? எனக்குக் கால்ல அம்மியக் கட்டிவுட்ட மாதிரி இருந்துது." அவள் பையைத் தரையில் போட்டாள். "நான் தோக்கணும்னு நினைக்கியாம்மா? மாசியில என்ன அனுப்பிரணும்னு இருக்கா உனக்கு?"

"ஏட்டி, நான் உன்ன நினைக்காம எப்படிடீ இருப்பேன்? என்ன செய்யச் சொல்லுத?"

இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழுகிற இடத்தில் ஏதாவது கிண்டல் பேசிவைக்கிறவள், அது என் பிறவிக்குணம். எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி இருந்ததைப் பார்த்த வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் ஓட, நான் சொன்னேன்: "பாத்தியா இசக்கி, நீ எதிர நிக்கும்போது உங்கம்மா உன்ன எங்க நினைக்கா? எண்ணெயத்தான் நினைக்கா. பாக்குத ஆள யாரு நினைப்பா. கண்ணுக்கு மறஞ்சாத்தான் இவளுக்கு நீ மக."

இசக்கி சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"அப்ப அம்மா மதுரைக்கு வரட்டும்" என்றாள்.

மதுரையில்தான் இறுதிப் போட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு எளிய விஷயம் எங்கள் யார் மண்டையிலும் ஏன் ஏறவில்லை என்றால், எங்கள் ஊரில் பெண்பிள்ளை ஆட்டத்துக்குப் போகும், அம்மா வீட்டில் இருந்துகொண்டு கவலைப்படுவாள், அப்படித்தான் எப்போதும் பிரித்து வைத்திருக்கிறோம். பந்து என்ன நிறம் என்றுகூட வடிவுக்குத் தெரியாது. சுயம்புலிங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்காரர்கள் வருகிறார்கள், ஆட்டம் தோற்றால் அன்றைக்கே தேதி குறித்துவிடலாம் என்று ஏற்பாடு, வீட்டுப் பொம்பளை இல்லாமல் எப்படி என்றார்.

இசக்கி வேறொன்றைச் சொன்னாள். "யப்பா, அவங்க இங்க சோபால உக்காந்து பூரா நேரமும் என்னத்தான நினைப்பாங்க. மருமகள நினைக்கதுக்குத்தான வாராங்க. பெறகு நான் எங்க எழும்ப? நீங்க ஒரு வார்த்த நான் ஒரு வார்த்தன்னு சொன்னீங்க. இது நேர்மையான ஆட்டமா?"

சுயம்புலிங்கம் பேக்கரியில் எடை போடும்போது தட்டை இரண்டு தடவை தட்டிப் பார்க்கிற ஆள். நேர்மையில்லை என்று சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. "அதுக்கு நான் என்ன செய்ய?"

"சண்டை போடுங்க" என்றேன் நான்.

"சம்பந்தி வீட்டுக்காரங்ககூடயா?" என்று கேட்டுவிட்டு மீசையைத் தடவினார். பிறகு, "ஆட்டம் முடியுறவரைக்குந்தான். முடிஞ்ச நிமிசம் சமாதானம் பண்ணிருவேன். தோத்தா முகூர்த்தம், அதுல மாத்தமில்ல" என்றார். எதை வைத்துச் சண்டை போடுவது என்று மூன்று நாளாக யோசித்தார், கண்ணாடி முன்னால் முறைத்துப் பார்த்துப் பழகிக்கொண்டதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானும் வடிவும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். அவள் மடியில் எலுமிச்சைச் சாதம் இருந்தது. அருப்புக்கோட்டை தாண்டுகிறவரைக்கும், அடுப்பை அணைத்தோமா, பூனை உள்ளே மாட்டிக்கொண்டதா, ஆவடிக்காரர்களுக்கு இந்த மனுஷன் காபி போடுவாரா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் மகளைத் தவிர எதை நினைத்தாலும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அது மேலே தகரக் கூரை போட்ட பெரிய அரங்கம். ஆட்டம் ஆரம்பித்ததும் எதிரணிப் பெண் அடித்த அடியில் பந்து வெடித்ததுபோலச் சத்தம் கேட்டு, வடிவு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டால் என்ன ஆகும், உள்ளே நினைப்பு ஓடத் தொடங்கிவிட்டது, என் பிள்ளை முகத்தில் பட்டால் என்ன ஆகும், மூக்கு உடைந்தால் என்ன ஆகும் என்று முணுமுணுத்தாள். அங்கே இசக்கி ஊன்றிவைத்த கம்பம்போல நின்றாள். முதல் செட் போனது. இரண்டாவதும் பாதிக்குமேல் போனது. ரயில்வேகாரர்கள் மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள், இவள் பக்கம் திரும்பவே இல்லை. இசக்கி ஒரு தடவை எங்களை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் வடிவின் முந்தானையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

"கண்ணத் தொறடீ. அடிபட்டா அவளுக்குத்தான படும், உனக்கா படும்? பாரு."

வடிவு பார்த்தாள். முதலில் ஓரக்கண்ணால், பிறகு நிமிர்ந்து, பிறகு எலுமிச்சைச் சாதத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். இசக்கி ஓடி வந்தாள், எழும்பினாள், அடித்தாள். பந்து எந்தப் பக்கம் போனதென்று எதிரணி தேடியது. "மைனி, இது எப்ப படிச்சா?" என்றாள் வடிவு. அடுத்த அடிக்கு அதையும் கேட்கவில்லை. அவள் முகத்தில் ஒரு நினைப்பும் இல்லை, கண் மட்டும்தான் இருந்தது. இருபது வருஷமாகச் சோறு ஊட்டி, தலை பின்னி, ஜுரம் பார்த்து வளர்த்தவள், அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தாள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இரண்டாவது செட்டைப் பிடுங்கினார்கள், மூன்றாவதைக் கொடுத்தார்கள், நான்காவதை எடுத்தார்கள். தேரிவிளையில் அந்நேரம் சண்டை உச்சத்தில் இருந்ததாம், ராசமணிக்கும் அவர் தம்பிக்கும் கைகலப்பே வந்துவிட்டதாம். என் ஓரகத்தி எதிராளி இல்லாமல் சுவரோடு சண்டை போட்டாளாம். ஐந்தாவது செட்டின் கடைசிப் பந்தை ஜெனோவா பின்பக்கமாகத் தூக்கிவிட, இசக்கி எழும்பினாள். வலையைத் தாண்டி, நீட்டிய கைகளைத் தாண்டி, நடுவர் உட்கார்ந்திருந்த உயரத்தையும் தாண்டிப் போய் அடித்தாள். பந்து கோட்டுக்குள் விழுந்தது, விசில் ஊதினார்கள், பலகையில் எண் மாறியது. ஜெயித்துவிட்டோம்.

மற்றவர்கள் கீழே ஒருத்தியையொருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். இசக்கி இறங்கவில்லை.

விளக்குகளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கால் மடங்கி ஒரு கால் தொங்க, அவள் அப்படியே இருந்தாள். நடுவர் கோப்பை மேசையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, "இறங்கட்டும், அப்புறம் கொடுக்கலாம்" என்றார். ரயில்வேகாரர்களில் ஒருவர் அவள் பனியன் நம்பரை எழுதிக்கொண்டார். மேபல் மிஸ் கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். ஊரில் அத்தனை பேரும் சண்டையில் இருக்கிறார்கள், ஆவடிக்காரர்கள் கோபத்தில் இருக்கிறார்கள், அம்மா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தப் பெண்ணை உலகத்தில் யாரும் நினைக்கவில்லை. அவள் கை விரல்கள் மெல்லத் தளர்ந்து விரிந்தன. யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதைப்போல அவள் சும்மா இருந்தாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. "வடிவு, ஒரு நிமிசம் கண்ண மூடி அவள நினைச்சுக்கோ. எறங்கிருவா."

வடிவு கண்ணை மூடவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, இமைக்கக்கூட இல்லை.

அந்நேரம் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பார்வையை எடுக்காமலே தடவி எடுத்துக் காதில் வைத்தாள். சுயம்புலிங்கம் பேசியது எனக்கே கேட்டது. பின்னால் ஆவடிக்காரர் யாரோ, மக்ரூனில் தேங்காய்தான் போடுவார்கள், முந்திரி என்று ஊரை ஏமாற்றாதே என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏ வடிவு, ஆட்டம் என்னாச்சு? இவங்க செருப்ப மாட்டிட்டு வாசல்ல நிக்காங்க. இப்ப விட்டா இந்தச் சம்பந்தமே போயிரும். முடிஞ்சுதுன்னு சொல்லு, நான் சமாதானம் பண்ணிருதேன்."

யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லியே பழகிய வாய் அது. மேலே, விளக்குக்குக் கீழே, தன் மகளைப் பார்த்துக்கொண்டே வடிவு சொன்னாள்:

"இன்னும் முடியல. நீங்க சண்டைய நிறுத்தாதீங்க."